மூன்று கலைத் தொலைவு

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் மீது ஏறி நிற்போர்க்கு இந்நகரின் வரலாறு ஒரே பார்வையில் விரிந்து கிடக்கும். வடக்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவரங்கத்துக் கோபுரங்கள், அவற்றுக்குக் கிழக்கே திருவானைக்காவல், காலடியில் தெப்பக்குளம், அதனருகே வானை நோக்கி உயர்ந்து நிற்கும் லூர்து அன்னை ஆலயமும் தூய வளனார் கல்லூரியும். தெற்குப் பக்கம் திரும்பினால் பாலக்கரை. சகாய அன்னையின் நவநாளுக்கு மக்கள் திரளும் பேராலயமும், கடைவீதியும், இரயில்வேயையும் சிறு தொழில்களையும் நம்பி வாழ்ந்த எளிய குடும்பங்களும் நிறைந்த பகுதி அது.

இப்பகுதியின் வீடுகளிலிருந்து பல தலைமுறையாகப் பிள்ளைகள் கல்லூரிக்கு நடந்து சென்றிருக்கின்றனர். அவர்களுள் பலர் தம் குடும்பத்தின் முதற்பட்டதாரிகள். ஒளியையும் ஒலியையும் காந்தத்தையும் கற்றவர்கள், வானத்து மீன்களின் இயல்பைத் தேர்வுத்தாளில் எழுதியவர்கள் அவர்களுள் உண்டு. இந்தக் கல்வி இங்கே எப்படி வந்தது, அது நமக்கு எதைக் கற்றுத் தந்தது, அதை நாம் எவ்வாறு காத்து வருகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானத்தைப் பற்றிய அறிவு கல்லூரிகளோடு இந்நாட்டுக்கு வந்ததன்று. பஞ்சாங்கம் கணிக்கும் மரபு தமிழகத்தில் மிகத் தொன்மையானது. திருவரங்கத்து வாக்கியப் பஞ்சாங்கத்தை அறியாதார் இப்பகுதியில் இல்லை. ஞாயிறு, திங்கள், கோள்கள் ஆகியவற்றின் நிலைகளைச் சொற்களில் பொதிந்து, அச்சொற்களை மனப்பாடம் செய்து, தேவையானபோது அவற்றிலிருந்து எண்களை வெளிக்கொணரும் முறை அது.

இம்மரபின் ஆற்றலுக்கு ஓர் அரிய சான்று உண்டு. சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் வகித்த ஜான் வாரன் என்பவர், 1825-ஆம் ஆண்டு ‘காலசங்கலிதம்’ என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தாம் சந்தித்த தமிழ்க் கணியர் ஒருவரைப் பற்றி அதில் அவர் எழுதுகிறார். அக்கணியர் தாளும் எழுதுகோலும் இன்றித் தரையில் சோழிகளை அடுக்கியே, 1825-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மட்டுமே அவர் கணக்கு பிசகியது. நினைவில் நின்ற சொற்களையும் கைநிறையச் சோழிகளையும் கொண்டு இதைச் செய்த மனிதரை நாம் வணங்கத்தான் வேண்டும்.

ஆயினும் வாரன் மற்றொன்றையும் குறிக்கிறார். தாம் கையாண்ட கணக்கின் அடியில் இருந்த கோட்பாட்டை அக்கணியர் அறிந்திருக்கவில்லை. முன்னோர் தந்த விதியை வழுவாமல் பின்பற்றினார். அவ்விதி ஏன் பிறந்தது என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை. மனப்பாடத்தின் பெருமையும் அதன் எல்லையும் இந்த ஒரே நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன.

இதே புதுச்சேரியில், இதற்கு 136 ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு வழியில் வானம் ஆராயப்பட்டது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி சீயம் நாட்டுக்கு அனுப்பிய இயேசு சபைக் குருக்களுள் ஒருவர் ழான் ரிஷோ. 1688-ஆம் ஆண்டு சீயத்தில் ஏற்பட்ட ஆட்சிக் கவிழ்ப்பினால் அங்கிருந்து வெளியேறி, அவர் புதுச்சேரியை வந்தடைந்தார். கையில் ஒரு தொலைநோக்கி இருந்தது. 1689-ஆம் ஆண்டு டிசம்பரில் தோன்றிய வால்மீன் ஒன்றை அதன் வழியே நோக்கிக் கொண்டிருந்தபோது, அதனருகே இருந்த ஆல்பா செந்தாரி என்னும் ஒளிமிக்க விண்மீன், உண்மையில் ஒன்றல்ல, இரண்டு என்பதைக் கண்டார். இந்திய மண்ணில் தொலைநோக்கியால் நிகழ்ந்த தொடக்ககாலக் கண்டுபிடிப்புகளுள் தலையாயது இது.

அந்த விண்மீனை நாமும் காணலாம். வைகாசி, ஆனி மாதங்களின் முன்னிரவில் திருச்சியில் மொட்டைமாடியில் நின்று நேர்தெற்கே நோக்கினால், அடிவானத்துக்குமேல் ஏறத்தாழ 18 பாகை உயரத்தில் அது சுடரும். வெறுங்கண்ணுக்கு அது ஒற்றை மீனே. ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரு ஞாயிறுகள் அவை என்பதைச் சொல்லக் கருவியும் வேண்டும், காண்பதை உள்ளபடி எழுதும் மனமும் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாறு காணும் பழக்கம் நம்மவரிடமும் வேரூன்றியது. சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867-ஆம் ஆண்டு, ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். பழைய கணித மரபில் வந்த அவர், 1874-ஆம் ஆண்டு வெள்ளி ஞாயிற்றைக் கடந்த அரிய நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கச் சிறு நூலும் எழுதினார். பழைய மரபும் புதிய கருவியும் பகைவர் அல்லர் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அதே காலத்தில் ஒளியைப் பிரித்தறியும் கலை பிறந்தது. உரோமையில் இயேசு சபைக் குருவான ஆஞ்சலோ செக்கி, புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் கூரைமேல் அமைத்த ஆய்வுக்கூடத்திலிருந்து ஏறத்தாழ 4,000 விண்மீன்களின் நிறமாலைகளை நோக்கி, அவற்றை வகை பிரித்தார். கல்கத்தாவின் தூய சவேரியார் கல்லூரியில் அதே சபையின் குரு இயூஜின் லஃபோன் இயற்பியலைச் சோதனைகளோடு கற்பித்தார். 1875-இல் அக்கல்லூரியில் வானாய்வுக் கூடம் எழுந்தது. ஜகதீச சந்திர போஸ் அவருடைய மாணவர். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபோது, அவருக்குத் தோள் கொடுத்தவர் லஃபோன்.

அந்தக் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக் கதவை 1907-ஆம் ஆண்டு ஓர் இளைஞர் தட்டினார். அரசுக் கணக்குத் துறையில் அலுவலராயிருந்த அவர், அலுவலக நேரம் போக எஞ்சிய நேரத்தில் ஆய்வு செய்ய விரும்பினார். அவர்தாம் சி.வி. இராமன். 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருவானைக்காவலில் பிறந்தவர். அவருடைய தந்தை சந்திரசேகர ஐயர், திருச்சியில் ஆங்கிலிக்கன் மறைபரப்புக் கழகத்தார் நடத்திய எஸ்.பி.ஜி. கல்லூரியில் ஆசிரியப் பணி செய்தவர். 1892-இல் குடும்பத்தோடு விசாகப்பட்டினம் சென்றார். கல்கத்தாவில் ஒரு குரு துணைநின்று வளர்த்த ஆய்வுக்கூடத்தில், காவிரிக்கரையில் பிறந்த ஒருவர் 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் ஒளிச்சிதறலின் புதிய உண்மையைக் கண்டார். இரு வேறு நம்பிக்கையினர் ஓர் உண்மையின்முன் ஒன்றுபட்ட வரலாறு இது.

இனி நம் நகரின் கல்லூரிக்கு வருவோம். 1844-ஆம் ஆண்டு இயேசு சபையினர் நாகப்பட்டினத்தில் தொடங்கிய தூய வளனார் கல்லூரி, 1883-ஆம் ஆண்டு திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் 1928-இல் தென்னிந்திய இரயில்வேயின் பணிமனையும் அதே நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. கடற்கரை ஊர் ஒன்று திருச்சிக்கு முதலில் கல்லூரியையும் பின்பு பட்டறையையும் தந்தது எனலாம். பட்டறையில் தந்தை உளியையும் அரத்தையும் பிடிக்க, கல்லூரியில் மகன் வெர்னியர் அளவுகோலையும் திருகு அளவியையும் பிடித்தான். இரண்டும் கைகள் கற்கும் கல்விகளே. நூலிழை பிசகினாலும் இயந்திரம் ஓடாது என்பதைத் தந்தை முன்னரே அறிந்திருந்தார்.

இக்கல்லூரியில் 1939 முதல் 1942 வரை இயற்பியல் ஆனர்ஸ் பயின்றவர் ஜி.என். இராமச்சந்திரன். பெங்களூரில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்த அவரைத் தம் இயற்பியல் துறைக்கு இழுத்துக் கொண்டவர் சி.வி. இராமன். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி வடிவை 1954-இல் வெளிப்படுத்தினார். 1963-இல் சக ஆய்வாளர்களோடு அவர் வெளியிட்ட ‘இராமச்சந்திரன் வரைபடம்’ இன்றும் உலகெங்கும் புரத ஆய்வாளர்களுக்கு உரைகல்லாக உள்ளது.

1950-ஆம் ஆண்டு இராமேசுவரத்திலிருந்து இதே கல்லூரிக்கு வந்தார் அப்துல் கலாம். இடைநிலைப் படிப்பை முடித்து, 1954-இல் இயற்பியலில் பட்டம் பெற்றார். பேராசிரியர்கள் சின்னதுரை, கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் அணுவுக்குள் இருக்கும் உலகை முதன்முதலில் தமக்குக் காட்டினர் என்று தம் வரலாற்றில் நன்றியோடு நினைவுகூர்கிறார். அதே நூலில் வேறோர் உண்மையையும் அவர் மறைக்கவில்லை. பட்டம் பெற்ற பின்னரே, தமக்குரிய துறை இயற்பியல் அன்று, பொறியியலே என்று உணர்ந்ததாகச் சொல்கிறார். வேறு படிப்புகள் இருப்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அன்று எவரும் இல்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் நிலையும் இதுவே அன்றோ! நம் பங்குகளில் மேற்படிப்பு வழிகாட்டல் நடத்துவோர் இதை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

இத்தகைய பெயர்களைச் சொல்லி மகிழ்வது எளிது. ஆனால் கல்வியின் உண்மையான களம் பெயர்பெறாத மாணவர்கள் நின்ற ஆய்வுக்கூட மேசையே. அங்கே என்ன நிகழ்கிறது என்று சற்று நோக்குவோம்.

இயற்பியல் பட்டப்படிப்பில் பயின்ற எவரும் இருட்டறையில் எரியும் சோடிய விளக்கை மறந்திருக்க மாட்டார். ஏற்றியவுடன் அது சிவந்து தோன்றும். சில நிமிடங்கள் பொறுத்தால் தூய மஞ்சள் ஒளியாக நிலைபெறும். அதன்முன் நிறமாலைமானி. மாணவர் அதன் தொலைநோக்கியை முதலில் சன்னல் வழியே தொலைவிலுள்ள பொருளை நோக்கித் திருப்பித் தெளிவாக்க வேண்டும். பிளவை நூலிழையாகக் குறுக்க வேண்டும். கருவியின் மேடையைச் சமப்படுத்த வேண்டும். பின்னர் ஒரு சென்டிமீட்டரில் ஏறத்தாழ 6,000 கோடுகள் வரையப்பட்ட கீற்றணியை நிறுத்தினால், நேர்க்கோட்டிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 20 பாகை 42 கலை விலகி மஞ்சள் கோடு தோன்றும். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் வருவது ஒரு கலை. அக்கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு அதுவே.

வட்ட அளவுகோலில் எதிரெதிரே இரண்டு வெர்னியர்கள் உள்ளன. ஒன்று போதாதா என்று புதிய மாணவர் கேட்பார். வட்டத்தின் மையமும் தொலைநோக்கி சுழலும் அச்சும் மயிரிழை விலகியிருந்தாலும், ஒரு வெர்னியர் கூட்டிக் காட்டுவதை எதிரே உள்ளது குறைத்துக் காட்டும். இரண்டின் சராசரியில் அப்பிழை மறையும். ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு தீர்ப்பிடலாகாது என இணைச்சட்ட நூல் வகுத்த நெறி, பித்தளை வட்டத்தின்மேல் பொறிக்கப்பட்டிருப்பது போல் தோன்றுகிறது.

சோடியத்தின் இரு மஞ்சள் கோடுகளின் அலைநீளங்கள் 5,890, 5,896 ஆங்ஸ்ட்ராம் என்பது பாடநூலில் உள்ளது. மாணவரின் கணக்கில் 5,910 என்று வருகிறது என்று கொள்வோம். இப்போது அவர்முன் இரண்டு வழிகள். எங்கே பிழை நேர்ந்தது என்று மீண்டும் அளந்து பார்ப்பது ஒன்று. முடியாவிடில் 5,910 என்றே எழுதி, பிழையின் அளவையும் அதனருகே குறிப்பது. மற்றொன்று மிக எளிது. விடை தெரியும், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, கோணத்தில் நான்கு கலையைக் குறைத்து எழுதினால் போதும். ரெக்கார்டு நோட்டு அழகாக அமையும், மதிப்பெண்ணும் கிடைக்கும்.

இந்த இரண்டாம் வழி நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் அரியதன்று என்பதை ஆசிரியர்களும் அறிவர், மாணவர்களும் அறிவர். மூத்த மாணவரின் நோட்டு இளையவருக்குக் கைமாறுவதும் புதிதன்று. மாணவரை மட்டும் குறைசொல்லி நாம் தப்பிவிட முடியாது. கூட்டம் மிகுந்த ஆய்வுக்கூடம், கருவிகளின் பற்றாக்குறை, விடைக்கு மட்டுமே மதிப்பெண் தரும் தேர்வு, தமிழ்வழியில் பயின்று வந்த பிள்ளைக்கு முன்னே ஆங்கிலத்தில் வைக்கப்பட்ட செய்முறைக் குறிப்பு ஆகியவை அவரை அவ்வழிக்குத் தள்ளுகின்றன. சோழி அடுக்கிய கணியராவது தம் கணக்கை நேர்மையாகச் செய்தார். கோட்பாடும் கருவியும் கைக்கு வந்த பின்னர், நாம் மனப்பாடத்துக்கே திரும்பினால் அவரினும் ஒருபடி தாழ்ந்தவர் ஆவோம்.

நான்கு கலை என்ன பெரிய அளவா என்று கேட்கலாம். வரலாறு அதற்கு விடை சொல்கிறது. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் தென்னிந்தியாவின் குறுக்கே முழு சூரிய கிரகணம் நிகழ்ந்தது. பிரெஞ்சு அறிஞர் ழான்சென் குண்டூரிலும், சென்னை ஆய்வுக்கூடத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் கருவிகளோடு காத்திருந்தனர். ஞாயிற்றின் விளிம்பில் எழுந்த தழல்களின் ஒளியில் மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. நோக்கியோருள் பலர் அதைச் சோடியத்தின் கோடு என்றே கொண்டனர். அறிந்த விடை அதுதானே! அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் அதைக் கிரகணம் இன்றியே நோக்கி, சோடியக் கோடுகளோடு அது பொருந்தவில்லை என்று கண்டார். அதன் அலைநீளம் 5,876 ஆங்ஸ்ட்ராம். மண்ணில் எவரும் கண்டிராத தனிமம் ஞாயிற்றில் உள்ளது என்ற முடிவுக்கு அவர் வந்தார். கதிரவனின் கிரேக்கப் பெயரால் அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டனர். 27 ஆண்டுகள் கழித்து, 1895-இல், ராம்சே அதைப் பூமியிலேயே கண்டெடுத்தார்.

நம் மாணவரின் மேசையில் இருக்கும் அதே கருவியில், சோடியக் கோட்டுக்கும் ஹீலியக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு? மூன்று கலைக்குச் சற்று மிகுதி. அவ்வளவே! விடை பொருந்த வேண்டும் என்பதற்காக நான்கு கலையைத் திருத்தி எழுதும் கை, ஞாயிற்றின் ஒரு தனிமத்தையே அழித்துவிடும் கை. ஆய்வுக்கூடம் கற்பிக்க வேண்டிய பாடம் இதைவிட வேறில்லை.

திருச்சபையின் மக்களுக்கு இது அயலான பாடமன்று. ஒவ்வொரு நாளும் தன் உள்ளத்தை ஆராய்ந்து, நடந்ததை நடந்தவாறே இறைவன் திருமுன் வைக்கும் பயிற்சியைப் புனித இஞ்ஞாசியார் தம் சபையினருக்கு விதித்தார். அளவுகளின் பக்கத்தில் பிழையை எழுதும் மாணவரும் அத்தகைய ஆய்வையே செய்கிறார். திருச்சபையும் இதைத் தன் வாழ்வில் கற்க நேர்ந்தது. 1633-இல் கலிலேயோவுக்கு அளிக்கப்பட்ட தீர்ப்பைப் பற்றி, அவரைத் தீர்ப்பிட்டோர் தவறினர் என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் அறிவியல் கழகத்தார் முன்னிலையில் ஏற்றுக்கொண்டார். 359 ஆண்டுகள் கடந்தபின் எழுதப்பட்ட பிழைக்குறிப்பு அது. தாமதமாயினும் எழுதப்பட்டது என்பதில் நமக்கு ஆறுதல் உண்டு. தாமதம் என்பதில் பாடமும் உண்டு.

வானியலைப் பொறுத்தமட்டில் நம் கல்வியில் வேறொரு குறையும் நெடுநாள் இருந்து வந்தது. நம் கல்லூரிகள் பலவற்றில் வானியல், கணிதத் துறையின் ஒரு தாளாகவே கற்பிக்கப்பட்டது. வானக்கோளம், உச்சிப்புள்ளி, கெப்ளரின் விதிகள் ஆகியவற்றைக் கரும்பலகையில் வரைந்து நிறுவிய மாணவர்களுள் பலர், ஓரியன் மண்டலத்தை வானில் காட்டச் சொன்னால் தயங்கினர். நம் மாநிலத்திலோ வாய்ப்புக்குக் குறைவில்லை. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் 1909-ஆம் ஆண்டு எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அவருக்கும் உதவியது நிறமாலைக் கோடுகளின் சிறு இடமாற்றமே. வாணியம்பாடி அருகே காவலூரில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. நம் நகரிலேயே புதுக்கோட்டைச் சாலையில் கோளரங்கம் உள்ளது.

ஆகவே பெற்றோர்க்கும் பங்கு மக்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுவே. இயற்பியலைத் தேர்ந்த பிள்ளையிடம், ‘பொறியியல் கிடைக்கவில்லையா?’ என்று கேட்காதிருப்போம். அவனோ அவளோ ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பும் நாளில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், என்ன கண்டாய் என்று கேட்போம். தமிழில் விளக்கம் கேட்கும் மாணவருக்குத் தமிழில் விளக்க ஆசிரியர்கள் தயங்காதிருக்கட்டும். பங்கு இளைஞர் மன்றங்கள் ஒரு சிறிய தொலைநோக்கியை வாங்கி, வைகாசி மாதத்து மேகமற்ற இரவில் ஆலய மாடியில் நிறுத்தட்டும். பாலக்கரையின் பிள்ளைகள் வரிசையில் நின்று, ரிஷோ கண்ட அந்த இரட்டை மீனைத் தம் கண்ணால் காணட்டும். ‘இரண்டு தெரிகிறது’ என்று சொல்லும் பிள்ளையின் சொல்லையும், ‘எனக்கு ஒன்றுதான் தெரிகிறது’ என்று அஞ்சாமல் சொல்லும் பிள்ளையின் சொல்லையும் நாம் ஒரே மகிழ்ச்சியோடு ஏற்போம்.